இரண்டு சீட், திறக்கும் கூரை: மஸ்தா எம்.எக்ஸ்-5 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் காரை வாங்க நினைக்கிறவர்களும், வாங்கிவிட்டு முழிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. எம்.எக்ஸ்-5 என்றாலும் மியாட்டா என்றாலும் ஒரே கார்தான், ஊருக்கு ஊர் பெயர் மாறும். கூரை, தண்ணீர், டயர் பற்றிய பதில்கள் வேறு கம்பெனி ரோட்ஸ்டர் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஈரத்தைப் பற்றியும் துருவைப் பற்றியும் நான் ரொம்பப் புலம்புவதாகத் தோன்றினால், வேண்டுமென்றேதான் புலம்புகிறேன். இன்ஜின் போய் ஓய்வு பெற்ற எம்.எக்ஸ்-5 குறைவு, உடம்பு அரித்துப் போய் குப்பைக்குப் போனதுதான் அதிகம்.

என்.ஏ., என்.பி. என்று பேசிக்கொள்கிறார்களே, என்ன அது?

தலைமுறைகளின் பெயர். 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் முதல் காரைக் காட்டினார்கள். அதிலிருந்து 1997 வரை வந்தது என்.ஏ., ஹெட்லைட் எழுந்து படுத்தால் அதுதான், வேறு அடையாளம் தேட வேண்டாம். 1998 முதல் 2005 வரை என்.பி., ஹெட்லைட் நிலையாகி, பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் போய்க் கண்ணாடி வந்தது, அடியில் பெரும்பாலும் பழைய காரின் எலும்புதான். 2005 முதல் 2015 வரை என்.சி., கொஞ்சம் பெரிய, கொஞ்சம் கனமான கார். 2015-இல் வந்த என்.டி. மறுபடி இளைத்து, 1,000 கிலோவை ஒட்டிய எடைக்குத் திரும்பியது. முப்பது வருடத்தில் மற்ற கார்களெல்லாம் எவ்வளவு ஊதின என்று யோசித்துப் பாருங்கள், மஸ்தா இன்ஜினியர்களைக் கும்பிடத் தோன்றும்.

முதல் 1.6 லிட்டர் காரில் 115 குதிரைத்திறன்தானாமே. இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்கிறீர்களே?

ஆமாம், இன்றைக்குச் சாதாரண குடும்பக் கார் ஒன்று சிக்னலில் இதை முந்திக்கொண்டு போய்விடும். போகட்டும் விடுங்கள். இந்தக் காரின் கணக்கு வேறு. எடை 950 கிலோ சொச்சம், இன்ஜின் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, இழுப்பது பின் சக்கரம், எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. கியர்பாக்ஸையும், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலையும் ஒரு நீளமான அலுமினியச் சட்டத்தால் நேரடியாகப் பிணைத்திருக்கிறார்கள், அதனால் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் நடுவில் எதுவும் முறுக்கிக்கொண்டு தாமதிக்காமல் விசை சக்கரத்துக்குப் போகிறது. நீங்கள் உட்காருவதோ கிட்டத்தட்ட பின் சக்கரத்துக்கு முன்னால். கார் வளைவில் திரும்ப ஆரம்பிப்பது ஸ்டீயரிங்கில் தெரிவதற்கு முன்பே இடுப்பில் தெரியும்.

அதோடு, சக்தி குறைவாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. முதல் மூன்று கியரையும் கடைசிவரை இழுத்து ஓட்டினாலும் போலீஸ் பிடிக்கிற வேகத்துக்கு அவ்வளவு சீக்கிரம் போகமாட்டீர்கள். 400 குதிரைத்திறன் காரில் இரண்டாவது கியரோடு சந்தோஷம் முடிந்துவிடும்.

அப்படியானால் எந்தத் தலைமுறை வாங்குவது?

தினமும் ஓட்ட, மெக்கானிக் தலைவலி வேண்டாம் என்றால் என்.டி. 1.5 லிட்டர், 2 லிட்டர் என இரண்டு இன்ஜின், 2019 மாடலிலிருந்து 2 லிட்டர் கார் 7,500 ஆர்பிஎம் வரை சுற்றுகிறது, ஸ்டீயரிங்கும் அந்த மாடலிலிருந்துதான் முன்னும் பின்னும் நகர்கிறது. ஆரம்ப கால என்.டி. கார்கள் சிலவற்றில் மேனுவல் கியர்பாக்ஸ் உள்ளே உடைந்து மாற்ற வேண்டியிருந்தது, பிறகு மஸ்தா அதைத் திருத்தியது. ஆகவே 2016 வாக்கில் வந்த காரைப் பார்க்கிறீர்கள் என்றால் கியர்பாக்ஸ் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அது குறையில்லை, நல்ல செய்தி.

கையில் ஸ்பானர் பிடிக்கப் பிடிக்கும் என்றால் என்.ஏ. அல்லது என்.பி. இரண்டில் ஒன்று. என்.ஏ.யின் விலை அதன் ஹெட்லைட்டுக்காகவே ஏறிக்கொண்டிருக்கிறது. ஓட்டுவதற்கு என்.பி. ஒன்றும் குறைந்ததில்லை, ஆனால் துரு அதில்தான் கொடுமையாக ஒளிந்திருக்கும், கீழே சொல்கிறேன். என்.சி.யை ரசிகர்கள் சித்தி பிள்ளை மாதிரி நடத்துகிறார்கள், அது நியாயமில்லை. உயரமானவர்களுக்கும் நெடுந்தூரம் போகிறவர்களுக்கும் அதுதான் சரி. கம்பெனியிலிருந்து வரும்போது கொஞ்சம் உயரமாக, வளைவில் சாய்கிற காராக இருக்கும், நல்ல ஸ்பிரிங்கும் டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) போட்டு அலைன்மென்ட் பார்த்தால் அந்தக் குறை பெருமளவு போய்விடும்.

செகண்ட் ஹாண்ட் வாங்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும்?

அடியில் படுத்துப் பாருங்கள். இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்குவதும், சீட்டில் உட்கார்ந்து கனவு காண்பதும் அப்புறம்.

முதல் இடம், கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடுகிற பெட்டி போன்ற சில். அதன் பின் முனை, அதாவது பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் இருக்கிற பகுதி. என்.ஏ., என்.பி. இரண்டிலும் துரு பிடிக்கிற முதல் இடம் அதுதான், ஏனென்றால் கூரைத் தண்ணீர் வெளியேறுகிற வழி அங்கேதான் முடிகிறது. பெயின்ட் கொப்புளித்திருந்தால் உள்ளே ஏற்கெனவே ஓட்டை விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. பளபளவென்று புது பெயின்ட் அந்த ஒரு இடத்தில் மட்டும் இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். மெல்லிய துணி சுற்றிய ஒரு சின்ன காந்தத்தை அந்தப் பகுதியில் வைத்துப் பார்த்தால் போதும், இரும்பு இருக்கிற இடத்தில் ஒட்டும், புட்டி அடித்து மூடிய இடத்தில் வழுக்கிக்கொண்டு விழும்.

இரண்டாவது இடம் என்.பி.யில் மட்டும். முன் சஸ்பென்ஷனைத் தாங்குகிற இரண்டு சேஸி கால்கள். அதில் வலுவுக்காகக் கூடுதலாகத் தகடு வைத்துப் பெட்டியாக்கியிருக்கிறார்கள், தகடுகளுக்கு இடையில் ஈரம் மாட்டிக்கொண்டு அரிக்கிறது. பனிக்காலத்தில் சாலையில் உப்பு போடுகிற ஊர்களில் ஓடிய காரென்றால் கட்டாயம் பாருங்கள். இன்ஜினுக்கு அடியில் இருக்கிற பிளாஸ்டிக் தட்டு அதை மறைக்கும், கழற்றிப் பார்க்கச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். சில்லை வெட்டி ஒட்டலாம், அதற்குத் தகடு தயாராகவே கிடைக்கிறது. சேஸி கால் போனால் அது பெரிய வேலை, பல நேரம் காரின் மதிப்பையே தாண்டிவிடும்.

அப்புறம் 1989 முதல் 1991 வரை வந்த ஆரம்ப 1.6 இன்ஜின். கிராங்க் ஷாஃப்டின் முன் மூக்கு குட்டையாக இருக்கும், அதில் புல்லி (பெல்ட் ஓடுகிற சக்கரம்) சரியாக முடுக்கப்படாமல் ஓடினால் அதைப் பிடித்து வைக்கிற சாவிப் பள்ளம் தேய்ந்துவிடும். இன்ஜினை ஐடிலில் விட்டு அந்தப் புல்லியைப் பாருங்கள். ஆடாமல் சுற்ற வேண்டும். தள்ளாடினால் வேண்டாம்.

கிலோமீட்டர் அதிகம் ஓடியிருக்கிறதே என்று பயப்பட வேண்டியதில்லை. 2,00,000 கி.மீ. ஓடி, காய்ந்த உடம்போடு, ரசீதுகளோடு வருகிற கார், 60,000 கி.மீ. ஓடி ஈரத் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த காரைவிட எவ்வளவோ மேல்.

மழை பெய்தால் சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட் நனைகிறது. கூரை கிழிந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. வடிகால் அடைத்திருக்கும்.

துணிக்கூரையின் பின் ஓரத்தில் விழுகிற தண்ணீரை, சீட்டுகளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் பிடித்து, இரண்டு பக்கமும் சீட் பெல்ட் தூணுக்கு அருகில் இருக்கிற துளைகளில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து குழாய் வழியாக இறங்கிப் பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் சொட்டும். மரத்தடியில் நிறுத்துகிற காரில் அந்தத் துளையில் இலைச் சருகும் மண்ணும் சேர்ந்து கறுப்புக் களியாகிவிடும். போக வழியில்லாத தண்ணீர் நிரம்பி, ஒரு பகுதி கார்ப்பெட்டுக்கும் ஒரு பகுதி சில்லுக்குள்ளும் போகும். கார்ப்பெட் நனைவது நமக்குத் தெரிகிறது, சில் நனைவது தெரிவதில்லை. முன்னே சொன்ன துரு எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. கூரையைப் பாதி திறந்து வைத்து, ஒரு பாட்டில் தண்ணீரை ஒரு பக்கத் துளையில் மெதுவாக ஊற்றுங்கள், இன்னொருவரை வெளியே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ஊற்றிய வேகத்திலேயே கீழே வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு. வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் கயிறு அல்லது குழாயை விட்டு மெல்லக் குத்துங்கள், இரும்புக் கம்பியை விட்டால் உள்ளே இருக்கிற குழாய் கிழிந்து அப்புறம் என்றைக்கும் சில்லுக்குள்தான் ஒழுகும். அடைப்பு விட்டதும் குடக்கென்று ஒரு சத்தம், அப்புறம் கீழே ஒரு கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று வரும் பாருங்கள், இந்தக் கார் வைத்திருப்பதில் உள்ள அசிங்கமான திருப்திகளில் அது ஒன்று.

இதை வருடத்துக்கு இரண்டு தடவை செய்யுங்கள். கார்ப்பெட் நனைந்திருந்தால் மேலே துடைத்துவிட்டு விடாதீர்கள், அடியில் இருக்கிற ஸ்பாஞ்ச் வாரக்கணக்கில் ஈரம் காக்கும். தூக்கிக் காயவையுங்கள். வடிகால் சரியாக இருந்தும் தண்ணீர் வந்தால், கதவுக் கண்ணாடி சேருமிடத்து ரப்பரைப் பாருங்கள்.

கூரையைத் திறப்பதில் ஏதாவது முறை இருக்கிறதா?

என்.ஏ.யில் உண்டு. பின்பக்கம் பிளாஸ்டிக் ஜன்னல் என்பதால் முதலில் ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகப் படுக்கவைத்து, மேலே ஒரு மெல்லிய துணியை விரித்துவிட்டு, அப்புறம்தான் முன்னால் இருக்கிற இரண்டு கொக்கியையும் விடுவித்துக் கூரையை மடக்க வேண்டும். ஜிப்பைத் திறக்காமல் மடக்கினால் ஜன்னலில் மடிப்பு விழுந்து, சில மாதத்தில் அந்த மடிப்பிலேயே வெடிக்கும். குளிர் நேரத்தில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும், அப்போது தொடவே தொடாதீர்கள்.

என்.பி.யிலிருந்து கண்ணாடி என்பதால் இந்தப் பூஜையெல்லாம் இல்லை. என்.சி., என்.டி. இரண்டிலும் நடுவில் ஒரே கொக்கி, சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் பின்னால் தள்ளிவிடலாம். மோட்டாரில் மடங்குகிற ஆர்.எஃப். மாடலுக்கு 13 விநாடி ஆகிறது, கையால் செய்கிறவர் அதற்குள் கியர் போட்டுக் கிளம்பிவிடுவார்.

எந்தத் தலைமுறையானாலும் ஈரக் கூரையை மடக்கி வைக்க வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும், நாற்றம் போகாது.

திறந்த கூரையோடு போகும்போது மழை வந்தால்?

லேசான தூறல் என்றால், வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்வரை முன் கண்ணாடி மேல் ஏறுகிற காற்று துளிகளைத் தலைக்கு மேலே கொண்டுபோய்விடும். சிக்னல் விழுந்தால் முடிந்தது கதை.

காற்று, வெயில், சத்தம்? உண்மையில் எத்தனை நேரம் தாங்கும்?

விளம்பரத்தில் காட்டுகிற உச்சி வெயில் பயணம் சுத்த ஏமாற்று. திறந்த காருக்கு ஏற்ற நேரம் காலையும் மாலையும் இரவும்தான். குளிர்காலம் பலர் நினைப்பதைவிட நன்றாக இருக்கும்: கதவுக் கண்ணாடிகளை ஏற்றி, சீட்டுகளுக்குப் பின்னால் காற்றுத் தடுப்பை நிறுத்தி, கால் பக்கம் ஹீட்டரைத் திருப்பிவிட்டால் தலை மட்டும் குளிரும், அதற்குத் தொப்பி இருக்கிறது. முதுகுப் பக்கம் காற்று சுழன்று வந்து கழுத்தில் அடிப்பதுதான் களைப்புக்குக் காரணம், அந்தத் தடுப்பு சின்ன வலைத் துண்டுதான், ஆனால் பெரிய வித்தியாசம்.

மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் போவதானால் கூரையை மூடிக்கொள்ளுங்கள், அல்லது காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் காதைக் கெடுக்கும் என்பது சும்மா பயமுறுத்தல் இல்லை. சன்ஸ்கிரீன் மறக்காதீர்கள், காற்று அடிப்பதால் தோல் எரிவது அப்போது தெரியாது, வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்க்கும்போது தெரியும்.

பின் சக்கர டிரைவ் என்றால் மழையில் சுழன்றுவிடும் என்கிறார்களே?

சுழலும், டயர் கிழடாக இருந்தால். இந்தக் கார்கள் வருடத்துக்குக் கொஞ்சம்தான் ஓடுகின்றன, அதனால் டயரில் பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் கல்லாகிப் போயிருக்கும். பார்க்கிறவர் "டயர் புதுசு மாதிரி இருக்கே" என்பார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. எட்டுப் பத்து வருடம் ஆன டயரோடு மழையில் ஒரு ரவுண்டானாவைச் சுற்றுவதைவிட நடந்து போகலாம்.

டயர் நன்றாக இருந்தால் இந்தக் கார் ரொம்ப நேர்மையானது, நழுவப் போவதற்கு முன்னால் சொல்லும். ஆனால் என்.ஏ., என்.பி.யில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,265 மி.மீ.தான், ஆகவே நழுவ ஆரம்பித்தால் சட்டென்று நழுவும். ஈர வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைப் படக்கென்று எடுக்கக் கூடாது. எடை முன்னால் பாய்ந்து பின் சக்கரம் லேசாகி வால் வெளியே வரும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே போனதும் காலை லேசாக வைத்தபடியே கடந்துவிடுங்கள். என்.டி.யில் இருக்கிற எலக்ட்ரானிக் கட்டுப்பாடு பல தவறுகளை மன்னிக்கும், பழைய கார்கள் பலவற்றில் ஏபிஎஸ் கூடக் கிடையாது.

காற்றழுத்தமும் பாருங்கள். என்.ஏ.யின் 185/60 ஆர்14 டயருக்கு மஸ்தா சொன்னது 26 பிஎஸ்ஐதான். எடை குறைந்த கார், பங்க்கில் பழக்கதோஷத்தில் 35 அடித்து அனுப்பிவிடுவார்கள், அப்புறம் கார் துள்ளுகிறது என்று டேம்பரைத் திட்டுவோம்.

கிளட்ச் மிதி திடீரென்று தரையோடு போய்விட்டது. கிளட்ச் பிளேட் போய்விட்டதா?

என்.ஏ., என்.பி.யில் என்றால் முதலில் ஸ்லேவ் சிலிண்டரை, அதாவது மிதியின் அழுத்தத்தை எண்ணெய் வழியாக வாங்கிக் கிளட்ச்சைத் தள்ளுகிற உருளையைச் சந்தேகப்படுங்கள். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவு தள்ளுகம்பியோடு இருக்கும், அதன் முனையில் ஒரு ரப்பர் தொப்பி. அந்தத் தொப்பியை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரமாக எண்ணெய் இருந்தால் சீல் போய்விட்டது. இரண்டு போல்ட், ஒரு குழாய், அவ்வளவுதான் வேலை. மாற்றும்போது பானெட்டுக்குள் இருந்து அந்த அழுத்தத்தை அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், புது சீலின் அழுத்தம் தாங்காமல் பழையது அடுத்து ஒழுக ஆரம்பிக்கும். முதல் அறிகுறி, காலையில் முதல் கியரும் ரிவர்ஸும் மல்லுக்கட்டி விழுவது. அப்போதே பார்த்தால் நடுவழியில் நிற்க வேண்டாம்.

இன்ஜின் எத்தனை நாள் தாங்கும்? டைமிங் பெல்ட் பயமாக இருக்கிறது.

என்.சி., என்.டி.யில் செயின், கவலையில்லை. என்.ஏ., என்.பி.யில் பெல்ட், சுமார் 1,00,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கூடவே வாட்டர் பம்ப்பும், முன்பக்க ஆயில் சீல்களும். என்.ஏ. இன்ஜின்களில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்வதில்லை, கார் நிற்கும், அவ்வளவுதான். அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், ஓடாத காருக்கும் ரப்பர் முதுமையடையும்.

உண்மையில் இன்ஜினைக் கொல்வது சூடுதான். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி புதிதில் கறுப்பாக இருக்கும். வருடங்கள் போகப் போகப் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறும். பழுப்பானதைப் பார்த்தால் அது எப்போது வேண்டுமானாலும் விரியும் என்று அர்த்தம், விரிகிற வரை காத்திருக்காதீர்கள்.

குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக் சத்தம் என்.ஏ.யின் பிறவிக்குணம், வால்வைத் தள்ளுகிற ஹைட்ராலிக் லிஃப்டர்களில் எண்ணெய் நிரம்ப நேரமாவதால் வருவது. ஆயிலைக் காலாகாலத்தில் மாற்றினால் குறையும். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் சொட்டினால், பின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லக்கூடும். ஒத்துக்கொள்வதற்கு முன் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டின் பின்பக்கம் இருக்கிற கேம் ஆங்கிள் சென்சாரைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் ஓ-ரிங் கெட்டியாகிப்போய் ஒழுகினாலும் எண்ணெய் அதே வழியில் இறங்கி அதே இடத்தில்தான் சொட்டும். அது ஒரு சின்ன ரப்பர் வளையம்.

பேட்டரி எங்கே?

என்.ஏ., என்.பி.யில் டிக்கியில். மூடிய அறைக்குள் இருப்பதால் காற்று வெளியேறும் குழாய் வைத்த சீல் செய்த வகை பேட்டரிதான் போட வேண்டும், அந்தக் குழாயைத் திரும்ப மாட்டியும் விட வேண்டும். மாட்டாமல் விட்டால் அமில ஆவியில் டிக்கி மூலை அரிக்கும்.

கூரைத் துணியை எப்படிக் கழுவுவது?

கையால், மென்மையான பிரஷ்ஷால், நிழலில். பிரஷ் சுற்றுகிற தானியங்கிக் கழுவும் இடத்துக்குள் போகாதீர்கள், பிரஷரில் தண்ணீர் அடிப்பவரிடம் தையல் ஓரத்துக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லுங்கள். துணிக்கூரை என்றால் வருடம் ஒருமுறை தண்ணீர் ஒட்டாத திரவம் பூசலாம். வினைல் கூரைக்கு அது வேண்டாம், அதற்கு வேறு பூச்சு.

டிக்கியில் எவ்வளவு சாமான் போகும்?

என்.டி.யில் 130 லிட்டர், என்.சி.யில் 150. பெட்டியை மறந்துவிட்டுத் துணிப்பை எடுத்துக்கொண்டால் இரண்டு பேருக்கு ஒரு வாரத்துக்குப் போதும். என்.டி.யில் முன்னால் குளவ் பாக்ஸ் கிடையாது, ஸ்டெப்னியும் கிடையாது, பங்க்சர் ஒட்டும் திரவமும் சின்ன கம்ப்ரஸரும்தான் இருக்கும். அந்தத் திரவத்துக்கு ஆயுள் தேதி உண்டு, பாருங்கள்.

உள்ளே விலையுள்ள எதையும் பார்வையில் வைக்காதீர்கள். துணிக்கூரையைக் கிழிக்க ஒரு பிளேடு போதும், பலர் காரைக் காலியாக வைத்துக் கதவைப் பூட்டாமலே விடுகிறார்கள், புதுக் கூரை போடுவதைவிட அது மேல் என்று. இன்ஷூரன்ஸ்காரர் ஒத்துக்கொள்வாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் உயரம். உள்ளே நுழைய முடியுமா?

183 செ.மீ. வரை பெரும்பாலும் சமாளிக்கலாம், அதற்கு மேல் உட்கார்ந்து பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். உட்காரும்போது கூரையை மூடிப் பாருங்கள், திறந்து வைத்துப் பார்த்தால் எல்லோருக்கும் பொருந்தும். முன் கண்ணாடியின் மேல் சட்டம் கண்ணுக்கு நேராக வந்தால் ஓட்ட முடியாது.

குழந்தையைக் கூட்டிப்போகலாமா?

பின்னோக்கி வைக்கிற குழந்தை சீட்டை, வேலை செய்கிற ஏர்பேக் முன்னால் ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக்கை அணைக்க வழியில்லாத காரென்றால் அங்கேயே பேச்சு முடிந்தது. இன்னொரு விஷயம், என்.ஏ., என்.பி. கார்கள் ரோல் பார், அதாவது கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கிற இரும்பு வளைவு, இல்லாமல்தான் வந்தன. ரேஸ் டிராக்கில் ஓட்ட ஆசைப்படுகிறவர் முதலில் அதைப் போடட்டும்.

உதிரி பாகம் கிடைக்குமா?

இதில் இந்தக் காருக்கு அதிர்ஷ்டம். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது எம்.எக்ஸ்-5 தயாரானது, இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது இதுதான். அத்தனை கார் ஓடுவதால் புஷ், பிரேக், கூரை, சில் தகடு என எல்லாம் வெளிக் கம்பெனிகளும் செய்கின்றன. என்.ஏ.க்காக மஸ்தாவே ஜப்பானில் 2017-இல் புதுப்பிக்கும் திட்டம் அறிவித்து, நின்றுபோன பாகங்கள் சிலவற்றை மறுபடி செய்ய ஆரம்பித்தது. உள்ளே இருக்கிற சின்னச் சின்ன பிளாஸ்டிக் அலங்காரங்கள்தான் சிரமம்.

என்ன மாற்றங்கள் செய்யலாம்? டர்போ போடலாமா?

முதலில் டயர், பிறகு நான்கு சக்கர அலைன்மென்ட், பிறகு டேம்பர். இந்த மூன்றில் பலருக்கு ஆசையே அடங்கிவிடும். அலைன்மென்ட் செய்யப் போகும்போது சஸ்பென்ஷன் போல்ட்கள் துருவில் இறுகியிருந்தால் சரிசெய்ய முடியாமல் திருப்பி அனுப்புவார்கள், ஆகவே முன்கூட்டியே எண்ணெய் விட்டு அசைகிறதா என்று பாருங்கள். காரைத் தரையோடு இறக்காதீர்கள், சஸ்பென்ஷன் அசைய இடமில்லாமல் கடைசியில் இடிதாங்குகிற ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் குதித்துக்கொண்டு போகும். டர்போ போடலாம், ஆனால் அதற்கு முன் ரேடியேட்டர், கிளட்ச், இன்ஜின் டியூனிங் எல்லாம் வரிசையில் நிற்கும்.

சில மாதம் ஓட்டாமல் வைக்க வேண்டுமே?

கழுவி, நன்றாகக் காயவைத்து, கூரையை மூடி நிறுத்துங்கள். மாதக்கணக்கில் மடங்கிக் கிடந்தால் மடிப்புக் கோடு போகாது. ஹேண்ட்பிரேக்கைப் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், பின்பக்க காலிப்பர் இறுகிப்போவது இந்தக் கார்களுக்கு வழக்கம். பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்கிற மெயின்டெய்னர் சார்ஜரை மாட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதை நிறுத்துங்கள், சூடேறாத இன்ஜினிலும் சைலன்சரிலும் தண்ணீர்தான் சேரும். ஓட்டுவதானால் அரை மணி நேரம் ஓட்டுங்கள். காற்றுப் போகாத தார்ப்பாயை மேலே போடுவது, போடாமல் இருப்பதைவிட மோசம்.

ஜாக் எங்கே வைப்பது?

காரோடு வந்த ஜாக் என்றால் சில்லின் ஓரத்தில் குறி போட்ட இடங்களில் மட்டும். தள்ளு ஜாக் என்றால் முன்னால் கிராஸ்மெம்பரின் (குறுக்குச் சட்டம்) நடுவில், பின்னால் டிஃபரன்ஷியல் அடியில். சில்லின் மடிப்பு ஓரத்தில் வெறும் இரும்பை வைத்துத் தூக்கினால் அது நெளியும், அங்கே பெயின்ட் உதிரும், அடுத்த மழைக்கு அங்கிருந்து துரு ஆரம்பிக்கும். டயர் கடைக்குப் போனால் பக்கத்திலேயே நின்றுகொண்டு, பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டையை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.